நாற்பது கிலோ ஆனதும் விளையாடலாம்

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை கோர்ட்டு கூடும். நீதிபதி குளியலறை வாசலில் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார். சதுரமான உடம்பு, முதுகில் ரப்பர் விரிப்பு, நெற்றியில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் சிவப்பு முள். அவர் மேல் ஏறி நிற்பவருக்கு வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. மூச்சை அடக்கினாலும் ஒற்றைக்காலில் நின்றாலும் தீர்ப்பு மாறாது.

குற்றவாளிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பெயர் இருந்தது. வீட்டில் யாரும் அதைப் புழங்கவில்லை. பிறந்த அன்று பாப்பா, இன்றைக்கும் பாப்பா. ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து அம்மா "பாப்பா" என்று கூப்பிட்டால், அந்தச் சத்தம் தரைக்குப் போய்ச் சேர்வதற்குள் "பீப்பா" ஆகிவிடும். கீழே விளையாடும் பிள்ளைகள் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் எடை பார்த்த அன்று ஆரம்பித்தது. பார்த்தவர் விளையாட்டு ஆசிரியர். அவருக்கு வேறு வேலையும் இல்லை. வாரத்தில் இரண்டு பீரியட் விளையாட்டு. இரண்டையும் கணக்கு டீச்சர் கைமாற்றாக வாங்கிக்கொள்வார், திருப்பிக் கொடுத்த சரித்திரம் இல்லை. அதனால் விளையாட்டு ஆசிரியருக்குக் குரல் மட்டும் வீணாகாமல் மிச்சமிருந்தது. "நாப்பத்தாறு" என்று அவர் சொன்னது அடுத்த கட்டிடத்து ஒன்றாம் வகுப்புக்கே கேட்டது.

அம்மா மறுநாளே அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் பாப்பாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், அம்மாவைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. பொரிச்சது, கிரீம், பாட்டில் ஜூஸ் எல்லாம் நிறுத்துங்க. தினமும் ஒரு மணி நேரம் நல்லா ஓடியாடி விளையாடட்டும். அது ரொம்ப முக்கியம். நாப்பதுக்கு வந்தா நல்லது."

பிறகு, சமர்த்தாக நாக்கை நீட்டியதற்காக, மேஜை மேலிருந்த ஜாடியைத் திறந்து பாப்பாவுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார்.

அம்மாவின் வேலை ஒரு போன் கம்பெனியில் புகார் கேட்பது. காலையிலிருந்து மாலைவரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் திட்டுவதையெல்லாம் பணிவாகக் கேட்டுக்கொள்வாள். அதனால் யார் எதைச் சொன்னாலும் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. டாக்டர் சொன்னதில் நாற்பது மட்டும் வீடுவரை வந்தது. ஓடியாடி விளையாடுவது வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்டது.

"அப்ப நான் கீழ விளையாடப் போலாமாம்மா?" என்று பாப்பா கேட்டாள்.

"இப்படியேவா? கிண்டல் பண்ணியே உன்னைக் கொன்னுடுவாங்க. முதல்ல எடை குறையட்டும். நாப்பது கிலோ ஆனதும் தாராளமா போய் விளையாடு. யார் வேணாம்னா?"

பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று ஒரு சந்தேகம். இல்லை, அம்மா முடிவாகத்தான் சொன்னாள். நீந்தத் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்பது மாதிரி.

இப்படியாகப் பாப்பாவின் உலகத்தில் ஒரே ஓர் ஆசை மிச்சமானது. கீழே இறங்கி ஊளை விளையாட வேண்டும்.

ஊளை என்பது அந்தக் கட்டிடத்துப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்த விளையாட்டு. கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு காலத்தில் சறுக்குமரமும் ஊஞ்சலும் இருந்தனவாம். கார்கள் வெயிலில் காய்கின்றன என்று குடியிருப்போர் சங்கத்தில் ஒரு நாள் எல்லோரும் கண்ணீர் விடாத குறையாகப் பேசினார்கள். மறுமாதமே சறுக்குமரம் போய்த் தகரக் கூரை வந்தது. இப்போது அங்கே கார்கள் நிழலில் சொகுசாகத் தூங்கின. பிள்ளைகள் அவற்றின் இடுக்குகளில் ஓடினார்கள். துரத்துகிறவனிடம் சிக்கக்கூடாது, காரையும் தொடக்கூடாது. தொட்டால் கார் ஊளையிடும். ஊளையிட்டால் அவுட்டு. மேலே ஏதாவது ஒரு ஜன்னல் திறந்து, "எவன்டா அது என் வண்டியில?" என்று கேட்கும். உடனே எல்லோரும் குனிந்துகொள்வார்கள். அந்தக் குனிந்துகொள்ளும் நேரத்துச் சிரிப்புச் சத்தம்தான் ஐந்தாம் மாடிக்குத் தெளிவாக வரும்.

பாப்பா பால்கனிக் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு அதைக் கேட்டபடி நிற்பாள். அதே பால்கனியிலிருந்து பார்த்தால் அவளுடைய பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியும். ஒரு பாட்டு முடிவதற்குள் நடந்து போய்விடலாம். ஆனால் ரோட்டோர நடைபாதையில் பைக்குகள் நின்றன, பைக்குகளுக்கு இடையில் போன் கடை விளம்பரப் பலகைகள் நின்றன, மிச்சத்தில் பள்ளம் இருந்தது. அதனால் வேனில் போனாள். வேன் ஊரெல்லாம் சுற்றி எல்லாப் பிள்ளைகளையும் பொறுக்கிக்கொண்டு, களைத்துப்போய்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்துசேரும். பள்ளிக்கூடத்தில் உட்காருவாள். திரும்ப வேனில் உட்காருவாள். வந்ததும் கையெழுத்து வகுப்பு, கீபோர்டு வகுப்பு, மனக்கணக்கு வகுப்பு. எல்லாமே உட்கார்ந்து கற்கும் கலைகள். பாப்பா உட்காருவதில் ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம்.

வீட்டில் பத்தியம் அமலுக்கு வந்தது. பாப்பாவுக்கு வேகவைத்த காய், வெள்ளரிக்காய், உப்பில்லாத சூப்பு. மற்றவர்கள் எப்போதும் போல டிவி முன்னால் தட்டோடு உட்கார்ந்து, "பாவம் குழந்தை" என்று சொல்லிக்கொண்டே பொரித்த கோழியைக் கடித்தார்கள்.

பாவம் பார்ப்பதோடு அவர்கள் நின்றிருக்கலாம்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமே வேண்டாமென்று தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். ஒரு பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கேக்கை எடுத்துக் கொடுக்கும் வேலை. கடை மூடும்போது விற்காத கிரீம் பன் அவளோடு வீட்டுக்கு வரும். மறுநாள் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பிய பிறகு, வேன் வருவதற்குள், அத்தை பாப்பாவைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கூப்பிடுவாள்.

"ஒண்ணே ஒண்ணு சாப்பிடு. உங்கம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது. வளர்ற பிள்ளைக்கு வெள்ளரிக்காயைக் கொடுத்தா உடம்புல என்ன ஒட்டும்?"

ஒட்டாமல் இருக்கத்தான் அத்தனை ஏற்பாடும் என்று பாப்பாவுக்குச் சொல்லத் தோன்றும். வாய் நிறைய பன் இருக்கும்.

சித்தப்பா பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர். ஆர்டர் கொடுத்துவிட்டுக் கதவைத் திறக்காதவர்களின் பொட்டலங்கள் எல்லாம் அவர் வழியாக பாப்பாவிடம் வந்து சேரும். "இது நான் வாங்கினதில்ல, தானா வந்தது. தானா வந்ததுக்குப் பத்தியம் கிடையாது" என்பது அவருடைய சட்டம். ஆனால் சித்தப்பா தென்னங்குச்சிக்குச் சட்டை போட்டது மாதிரி இருப்பார். அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறதென்று அவருக்கே ஒரு கவலை.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. சட்டம் போட்டவளே அவள்தான். ஆனால் கையெழுத்து வகுப்புக்கும் கீபோர்டு வகுப்புக்கும் நடுவில் குழந்தை சோர்ந்துவிடுமே என்று பையில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வைத்தாள். "இது பேக் பண்ணது, சுத்தமானது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பா தனியாக ஐஸ்கிரீம் இலாகாவைக் கவனித்துக்கொண்டார். ஒருவருக்கொருவர் தெரியாமல் நாலு பேர் நடத்திய இந்தத் தர்ம காரியத்தில் பாப்பா மட்டும் எல்லாக் கணக்கையும் வயிற்றில் வைத்திருந்தாள்.

இனி நீதிபதியின் பூர்வீகம். அப்பா தராசு மெக்கானிக். கடை கடையாகப் போய் எடை மெஷின்களைக் கழற்றித் துடைத்துச் சரிபார்த்து மாட்டுவது அவர் தொழில். "அண்ணே, முள்ளு கொஞ்சம் முன்னாடி நிக்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க, உங்களைத் தனியா கவனிச்சுக்கிறேன்" என்று எத்தனையோ கடைக்காரர்கள் கெஞ்சியதுண்டு. அப்பா மசிந்ததே இல்லை. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பெருமையை வாரம் ஒரு தரமாவது சாப்பிடும்போது சொல்வார், மற்றவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வாரம் அவர்தான் ஒரு பழைய மெஷினைக் கொண்டுவந்து, பிரித்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று ஆக்கிக் குளியலறை வாசலில் வைத்தார். வைத்துவிட்டு வீட்டாரை எல்லாம் கூப்பிட்டு ஒரு வகுப்பே எடுத்தார்.

"இங்க பாருங்க. அடியில கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சக்கரம் இருக்கு. இதை இந்தப் பக்கம் திருப்பினா முள்ளு முன்னாடி வரும், அந்தப் பக்கம் திருப்பினா பின்னாடி போகும். யாரும் ஏறாதப்ப முள்ளு பூஜ்யத்துல நிக்கணும். அதான் நியாயம். அதனால இந்தச் சக்கரத்தை ஒருத்தரும் தொடாதீங்க."

தொடாதே என்று சொல்லுமுன் எப்படித் தொடுவது என்று இத்தனை விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தது அவர் தொழில் பக்தி.

பாப்பாவுக்கு நீதிபதியின் முகம் பயமாக இருந்தது. அதனால் கண்ணாடியில் பூஜ்யத்தின் பக்கமாக ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரை ஒட்டினாள். யாரும் ஏறாத நேரத்தில் முள் அந்தச் சிறகுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காலி மெஷினை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

முதல் ஞாயிறு நாற்பத்தாறு. அடுத்த ஞாயிறும் நாற்பத்தாறு. அம்மா பெருமூச்சு விட்டு, "இன்னும் ஆறு" என்றாள். பாப்பா போய்ப் பால்கனிக் கம்பியில் நெற்றியை வைத்தாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் ஞாயிறு முள் நாற்பத்தைந்தில் நின்றது.

அம்மா கைதட்டினாள். "பார்த்தீங்களா, வெள்ளரிக்காய் வேலை செய்யுது." அந்த சந்தோஷத்தில் அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் பீட்ஸா வந்தது.

பிறகு முள் இறங்கத் தொடங்கியது. வாரம் ஒரு கிலோ, சில வாரம் அரை. வீட்டில் எல்லோரும் ஒப்புக்கு ஏறிப் பார்ப்பது வழக்கம். அம்மா மட்டும் எல்லோரையும் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஏறுவாள். அவளும் இளைத்துவிட்டாள் என்று தெரிந்தது. காதில் கருவியை மாட்டும் தோழிகளிடம் அதைப் பற்றிச் சொல்லி, புதிதாக இரண்டு இறுக்கமான சட்டைகூட வாங்கினாள். அவை ஏன் இவ்வளவு இறுக்கம் என்று மட்டும் புரியவில்லை. "இப்பல்லாம் தைக்கிறவங்க அளவே சரியில்ல" என்றாள்.

பாப்பாவின் சீருடைப் பாவாடை கொக்கி ஒருநாள் மனக்கணக்கு வகுப்பில் டப்பென்று தெறித்து, முன்வரிசைப் பையனின் காதில் பட்டது. வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"துவைக்கிறதுல துணி சுருங்கிடுது" என்றாள் அம்மா.

"நூலு மட்டம்" என்றாள் அத்தை.

அப்பா ஊசி நூல் எடுத்துவந்து கொக்கியை ஒரு விரற்கடை தள்ளித் தைத்தார். தலை நிமிரவே இல்லை.

பாப்பா அவரைப் பார்த்தாள். அவள் தராசு மெக்கானிக் மகள். எடை குறைகிற ஆளுக்குக் கொக்கி ஏன் தள்ளிப் போகிறது என்று யோசிக்கும் அளவுக்குத் தொழில் ரத்தத்திலேயே இருந்தது. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனவள், குளியலறை வாசலில் அப்பா மெஷினைத் தலைகீழாக மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். அவர் கட்டைவிரல் அடியில் இருந்தது.

"தூசி" என்றார் அப்பா.

"ம்" என்றாள் பாப்பா.

சொல்லிவிடலாமா என்று அன்று ராத்திரி முழுக்க நினைத்தாள். சொன்னால் முள் மறுபடி நாற்பத்தாறுக்குப் போகும், அதற்கு மேலும் போகும். பால்கனிக் கம்பி நெற்றியில் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பதியும். சொல்லாவிட்டால் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊளை. பாப்பா வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அவள் வாயை மூடிய முதல் சந்தர்ப்பம் அதுதான் என்று யாராவது சொல்லலாம். ஆனால் நாலு கைகள் மாறி மாறித் திறக்கவைத்த வாய் அது.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. அப்பா வீட்டில் இல்லாத வாரத்திலும் முள் இறங்கியது.

அந்த ஞாயிறும் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே கட்டிடத்து லிப்ட் நின்றுபோயிருந்தது. கதவில் "பழுது" என்று ஓர் அட்டை தொங்கியது. ஐந்தாம் மாடிக்காரர்கள் மாடியை விட்டு இறங்கினால் சொத்தையே எழுதிக் கொடுப்பது போல நினைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற நேரம் தவிர வீட்டிலேயே கிடந்தார்கள்.

பாப்பா ஏறினாள். முள் ஆடியது, தயங்கியது, நாற்பதில் நின்றது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலம் போய் விளையாடு கண்ணு. ஷூ போட்டுக்கிட்டுப் போ."

பாப்பாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவள் இறங்கிய கையோடு சித்தப்பா ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை.

"அண்ணே, இங்க வாங்க. நாப்பத்தெட்டு காட்டுது."

"சரியா நில்லு."

"சரியாத்தான் நிக்கிறேன். முதல் வாரம் அம்பத்தாறு இருந்தேன். ரெண்டு மாசத்துல எட்டு கிலோண்ணே. நல்லாத்தானே திங்கிறேன்? எங்க போகுது எல்லாம்?"

"கவலைப்படாதடா, பாப்பாவைப் பாரு, ஆறு கிலோ குறைஞ்சு எவ்வளவு ஆரோக்கியமா இருக்கா" என்றாள் அத்தை.

"அவ குறைஞ்சா ஆரோக்கியம், நான் குறைஞ்சா சாவு, அக்கா" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா பல்கூடத் தேய்க்காமல் படியிறங்கி, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி ஒன்றைத் தேடிப் போய்விட்டார்.

மத்தியானம் கொண்டாட்டம். அத்தை பேக்கரியில் சொல்லி வைத்து, மேலே கிரீமில் '40' என்று எழுதிய கேக்கை வரவழைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்தவர் ஐந்து மாடி ஏறி வந்து வாசலில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனார். பாப்பாவுக்கு நாலு முழுசாகவும் பூஜ்யத்தில் பாதியும் கொடுத்தார்கள். இன்றைக்கு மட்டும் பத்தியம் இல்லை என்று அம்மாவே அறிவித்தாள். பாப்பா பாதி தின்றுவிட்டு வைத்துவிட்டாள். வயிறு நிறைந்தால் ஓட முடியாதோ என்ற பயம்.

நாலு மணிக்கு அவள் ஷூ மாட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. சித்தப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ரத்தம் எடுத்தாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க. வயித்துல கூழ் மாதிரி எதையோ தடவி அதையும் பார்த்தாங்க. கடைசியா ஒரு நர்சம்மா அவங்க மெஷின்ல ஏறச் சொன்னாங்க. அம்பத்தாறு."

அத்தை கேக் தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்பத்தாறுண்ணே. நர்சம்மா சிரிக்கிறாங்க. 'உங்க வீட்டு மெஷினைக் கூட்டிட்டு வாங்க, அதுக்குத்தான் உடம்பு சரியில்ல'ங்கிறாங்க."

அம்மா குளியலறை வாசலுக்குப் போனாள். குனிந்தாள். வண்ணத்துப்பூச்சியை நகத்தால் உரித்து எடுத்தாள். சிறகுக்கு அடியில் முள் பூஜ்யத்தை விட்டு எட்டுக் கோடு பின்னால் போய், ஒன்றும் தெரியாத மாதிரி படுத்திருந்தது.

பாப்பாவைத் தூக்காத குறையாக மறுபடி ஏற்றினார்கள். ஷூவோடு நாற்பது. எட்டைக் கூட்டிப் பார்த்து அம்மாவின் வாய் அசைந்தது.

"யாரு திருப்பினது?"

கேள்வி பொதுவாகத்தான் கேட்கப்பட்டது. ஆனால் நாலு ஜோடிக் கண்களும் பாப்பாவின் மேல் வந்து இறங்கின.

"ஸ்டிக்கர் ஒட்டினவதானே" என்றாள் அத்தை மெல்ல.

"இந்த வயசுல இப்படி ஏமாத்த எங்கதான் கத்துக்கிறாளோ" என்றாள் அம்மா. "ஷூவைக் கழட்டு. ஒரு விளையாட்டும் கிடையாது."

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கும் பார்வை இல்லை. வெறுமனே பார்த்தாள். ஆனால் கடைக்காரர்கள் எவ்வளவோ நீட்டியும் வளையாத மனுஷன் அந்தப் பார்வைக்கு வளைந்துவிட்டார்.

"அவ இல்ல. நான்தான்" என்றார் அப்பா. "ரெண்டு கிலோ. ரெண்டே ரெண்டுதான். தினமும் அந்தக் கம்பியில நெத்தியை வச்சுக்கிட்டு நிக்கிறா, பார்க்க முடியல."

"நீங்களா? தொடாதீங்கன்னு பாடம் எடுத்தவரு நீங்கதானே?"

"அப்ப அளவெடுத்து ரெண்டு கிலோ நீங்க திருப்பினீங்க, சரி. மிச்சம்?" என்றார் சித்தப்பா. அவர் விடுவதாக இல்லை. கூழ் தடவிய வயிறு அவருடையது.

அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "நானும் ஒரு ரெண்டு தள்ளியிருப்பேன். வேணும்னு இல்ல. பன்னு கொடுத்த அன்னைக்கு மட்டும். குழந்தை என்னாலதானே திட்டு வாங்கும்னு ஒரு பயம்."

"பன்னா? என்ன பன்னு அண்ணி?" என்றாள் அம்மா.

"கிரீம் பன்னு. நீ வைக்கிற சிப்ஸு மாதிரி அதுவும் ஒண்ணு."

"சிப்ஸா?" என்றார் அப்பா.

"நீ பேசாத. ஐஸ்கிரீம் குச்சி பூராவும் உன் பேன்ட் பாக்கெட்ல இருக்கு, துவைக்கிறது நான்" என்றாள் அத்தை.

"எல்லாரும் நிறுத்துங்க" என்று சித்தப்பா கையைத் தூக்கினார். "அண்ணன் ரெண்டு. அக்கா ரெண்டு. நாலாச்சு. முள்ளு எட்டு கோடு பின்னாடி இருக்கு. இன்னும் நாலு கிலோ யாரோடது?"

அப்பாவும் அத்தையும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். தன்னைத் தானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொள்கிற அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. பிறகு மூன்று பேரும், ஒரே கயிற்றால் இழுத்த மாதிரி, அம்மாவின் பக்கம் திரும்பினார்கள். அவள் அன்றைக்கு அந்தப் புதுச் சட்டையைப் போட்டிருந்தாள். இரண்டாவது பட்டன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் என்னைப் பார்க்குறீங்க? நான் எதுக்குத் திருப்பணும்?" என்றாள் அம்மா. பிறகு, "ஆபீஸ்ல எல்லாரும் வாரா வாரம் எவ்வளவுன்னு கேக்கிறாங்க. சும்மா பொய் சொன்னா பாவமில்லையா? மெஷின்ல பார்த்துட்டுச் சொன்னா உண்மைதானே?" என்றாள்.

அதற்குப் பிறகு அங்கே யார் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. பன்னும் சிப்ஸும் பறந்தன, சட்டையும் நர்சம்மாவும் குறுக்கே வந்தார்கள், யார் முதலில் ஆரம்பித்தது என்பது கல்யாண காலம்வரை பின்னோக்கிப் போனது. நீதிபதி நடுவில் கவிழ்ந்து கிடந்தார். அத்தனை பேரும் பாப்பாவைப் பற்றித்தான் பேசினார்கள். அதனால் பாப்பா அங்கே இல்லை என்பதைக் கவனிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

அவள் இரண்டாவது ஷூவின் கயிற்றைக் கட்டாமலே படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். லிப்ட் நிற்கும்வரை அந்தப் படிகளை அவள் பார்த்ததே இல்லை. மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். ஒவ்வொரு மாடியிலும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஒரே சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாடியில் வெண்ணெயை உருக்கினார்கள், அடுத்த மாடியில் ஊற்றினார்கள்.

கீழே தகரக் கூரைக்கு வந்ததும் விளையாட்டு நின்றது.

"டேய், பீப்பா இறங்கி வந்திருக்குடா" என்றான் கண்ணாடி போட்ட ஒரு பையன்.

கூட்டத்தின் தலைவி ஓர் ஒல்லிப் பெண். வாலு என்று பெயர். அவள் பாப்பாவைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தாள், கார் வாங்க வந்தவள் மாதிரி.

"எங்க ஆட்டம் தெரியுமா? காரைத் தொட்டா அவுட்டு. நீ எந்தச் சந்துல நுழைஞ்சாலும் தொடுவே."

"அவுட்டானா என்ன பண்ணணும்?"

"அந்தத் திட்டுல உக்காரணும். அடுத்த ஆட்டத்துல வரலாம்."

"உக்கார்றதுல எனக்கு நல்ல பழக்கம்" என்றாள் பாப்பா.

கண்ணாடிப் பையன் சிரித்துவிட்டான். வாலு சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். "சரி வா. கயிறைக் கட்டு முதல்ல."

முதல் ஆட்டத்தில் பாப்பா இரண்டாவது சந்திலேயே சங்கச் செயலாளரின் சிவப்புக் காரை இடுப்பால் உரசினாள். கார் ஊளையிட்டது. ஜன்னல் திறந்தது. "எவன்டா அது?" என்றது. எல்லோரும் குனிந்தார்கள், பாப்பாவும் குனிந்தாள். இத்தனை நாள் மேலிருந்து கேட்ட அந்தச் சிரிப்பு இப்போது அவள் வாயிலிருந்தும் வந்தது. திட்டில் போய் உட்கார்ந்தாள். அடுத்த ஆட்டத்தில் மூன்று சந்து தாண்டினாள். அதற்கடுத்ததில் பக்கவாட்டில் நடந்தால் சந்தில் புக முடியும் என்று கண்டுபிடித்தாள்.

அப்போதுதான் ஐந்தாம் மாடிக்கு அவள் நினைவு வந்தது.

"பாப்பா, மேல வா" என்று பால்கனியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

பாப்பா நிமிரவில்லை. மேலிருந்து பேச்சு மட்டும் துண்டு துண்டாக விழுந்தது.

"போய்க் கூட்டிட்டு வாங்களேன்."

"லிப்ட் இல்லையே."

"தம்பி, நீ போயேன், நீதான் ஒல்லி."

"நான் இப்பதாண்ணி அஞ்சு மாடி ஏறினேன். செத்தாலும் இறங்க மாட்டேன்."

"எனக்கு முட்டி வலி" என்றது அத்தையின் குரல்.

கடைசியில் அப்பா கிளம்பினார். முதலில் நாலாம் மாடி ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. மூன்றாம் மாடியில் நெடுநேரம் தெரிந்தது. அங்கே உட்கார்ந்துவிட்டார் போல. இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது. அவர் தகரக் கூரைக்கு வந்து சேர்ந்தபோது முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. பாப்பாவைக் கூப்பிட விரலை மட்டும் உயர்த்தினார். மூச்சு வாங்கிக்கொள்வதற்காகப் பக்கத்தில் இருந்த சிவப்புக் காரின் மேல் நன்றாகச் சாய்ந்தார்.

கார் ஊளையிட்டது.

"அங்கிள் அவுட்டு" என்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

அப்பா திகைத்துப் போய் மகளைப் பார்த்தார். பாப்பா இரண்டு கார்களுக்கு நடுவே பக்கவாட்டில் நின்றபடி, ஒரு நூல் இடைவெளி விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. அவர் கட்டைவிரலால் குறைத்துக் கொடுத்த முகம் இல்லை அது.

"அந்தத் திட்டுல உக்காருங்கப்பா" என்றாள் அவள். "அதான் சட்டம்."

அப்பா போய்த் திட்டில் உட்கார்ந்தார்.

"என்னங்க, கூட்டிட்டு வரச் சொன்னா அங்க உக்கார்ந்துட்டீங்க?" என்று ஐந்தாம் மாடி கேட்டது.

அப்பா அண்ணாந்து பார்த்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் அவுட்டும்மா. அடுத்த ஆட்டத்துலதான் எழுந்திரிக்க முடியும்."